குடைக்கு வாடகை: தென்கொரியா எந்த வழியில் போவது நல்லது?

2025 செப்டம்பர் 4. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா நகரத்துக்குப் பக்கத்தில், ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் புகுந்து சுமார் 475 பேரைப் பிடித்தார்கள். அதில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். சங்கிலி மாட்டி பஸ்ஸில் ஏற்றும் வீடியோவை அமெரிக்க அதிகாரிகளே வெளியிட்டார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்னால்தான், ஜூலை 30 அன்று, அமெரிக்காவில் 35,000 கோடி டாலர் முதலீடு செய்வதாகத் தென்கொரியா ஒப்புக்கொண்டிருந்தது. சீர்வரிசைத் தட்டோடு வந்த சம்பந்தி வீட்டாரை வாசலிலேயே போலீஸில் பிடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது சியோலில்.

இத்தனைக்கும் பிறகு தென்கொரியா கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. போக முடியாது. ஏன் போக முடியாது, போகாமல் இருப்பதற்கு என்ன விலை, அந்த விலையை எந்த ரூபத்தில் கொடுத்தால் நஷ்டம் குறைவு, இதுதான் அந்த நாட்டில் இப்போது ஓடுகிற பெரிய வாதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கம்பெனி வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது, கொரியர்கள் நமக்கு அந்நியர் இல்லை. ஆனாலும் அவர்கள் ஊர்க் கவலை நம் பேச்சில் வருவது குறைவு.

முதலில் அந்தக் குடை, அதாவது அமெரிக்கா தரும் ராணுவப் பாதுகாப்பு, என்ன என்று பார்த்துவிடலாம். கொரியப் போர் நின்ற அதே 1953ல், அக்டோபர் 1 அன்று, அமெரிக்காவும் தென்கொரியாவும் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. அடித்தால் உடனே ஓடி வருவோம் என்று அதில் எழுதியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவரவர் அரசியல் சட்ட நடைமுறைப்படி பொது ஆபத்தை எதிர்கொள்வோம் என்றுதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு வருட நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காகிதத்தில் இவ்வளவுதான். நிஜமான உத்தரவாதம் அங்கே உட்கார்ந்திருக்கிற சுமார் 28,500 அமெரிக்கச் சிப்பாய்கள். வட கொரியா குண்டு போட்டால் அவர்களும் சாவார்கள், அப்போது வாஷிங்டன் சும்மா இருக்க முடியாது, அதுதான் கணக்கு. எல்லையிலிருந்து சியோல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மாமல்லபுரம். நாட்டு மக்களில் பாதிப்பேர் அந்தத் தலைநகர வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

இந்தக் குடை எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை. 1964 முதல் 1973 வரை வியட்நாம் போருக்குத் தென்கொரியா முறை வைத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை அனுப்பியது, சுமார் 5,000 பேர் திரும்பவில்லை. பதிலுக்குப் பணம், ஒப்பந்தங்கள், ராணுவத் தளவாடம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தன, அந்த டாலர்தான் தொழில்மயமாக்கலுக்கு விதை நெல்லில் ஒரு பங்கு. பாதுகாப்பு வேறு, வியாபாரம் வேறு என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே பேரேட்டில்தான் எழுதப்பட்டன.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது, கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. 1991லிருந்து அமெரிக்கப் படைச் செலவில் ஒரு பங்கைத் தென்கொரியா கட்டி வருகிறது. 2021 ஒப்பந்தத்தில் அந்தத் தொகை 13.9 சதவீதம் ஏறி சுமார் 1.18 லட்சம் கோடி வொன் ஆனது. 2024ல் போட்ட அடுத்த ஒப்பந்தப்படி 2026க்கு சுமார் 1.52 லட்சம் கோடி வொன், டாலரில் சொன்னால் நூறு கோடிக்குக் கொஞ்சம் மேலே. இது போக, பியோங்டேக்கில் இருக்கும் ஹம்ஃப்ரீஸ் முகாம், வெளிநாடுகளில் அமெரிக்காவுக்கு இருக்கும் தளங்களிலேயே பெரியது, அதைக் கட்ட ஆன ஆயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் சுமார் 90 சதவீதம் கொரியப் பணம். இப்படி இருக்கும்போது, 2024 அக்டோபரில் தேர்தல் பிரசாரத்தில் ட்ரம்ப், நான் இருந்திருந்தால் வருடத்துக்கு 1,000 கோடி டாலர் வாங்கியிருப்பேன், தென்கொரியா ஒரு பண எந்திரம் என்றார். ஒன்றுக்கு ஒன்பது மடங்கு.

இந்த வழியில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பணமாகக் கொடுக்கிற வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் கூட்டிக் கொடுத்துப் பழகினால், அவர் கேட்பதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. 2012ல் அமலுக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு என்ன ஆனது பாருங்கள். அதன்படி கொரியக் கார்களுக்கு அமெரிக்காவில் வரி பூஜ்யமாக இருந்தது, ஜப்பான் கார்களுக்கு 2.5 சதவீதம். அந்த இரண்டரை சதவீத முன்னிலைக்காக சியோல் எத்தனை உள்நாட்டுப் போராட்டங்களைத் தாண்டி வந்தது. 2018ல் அதே ஒப்பந்தத்தைத் திரும்பப் பிரித்து, பிக்அப் வண்டிகளுக்கான 25 சதவீத வரியை 2041 வரை நீட்டிக்க வைத்தார்கள். 2025 ஏப்ரலில் எல்லா இறக்குமதிக் கார்களுக்கும் 25 சதவீத வரியை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், பேரம் பேசி 15க்கு இறக்கியபோது ஜப்பானுக்கும் அதே 15. முன்னிலை போயே போய்விட்டது. கையெழுத்துப் போட்ட காகிதம் பிடித்து வைக்காததைப் புதிதாகக் கொடுக்கிற பணம் பிடித்து வைக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த 35,000 கோடி டாலர். தென்கொரியாவின் மொத்த அந்நியச் செலாவணிக் கையிருப்பே ஏறக்குறைய 42,000 கோடிதான். அமெரிக்கா முதலில் கேட்டபடி பணமாக எடுத்துக் கொடுத்திருந்தால், 1997ல் வந்த மாதிரி ஒரு நிதி நெருக்கடி வரும் என்று அதிபர் லீ ஜே-மியுங் வெளிப்படையாகவே சொன்னார். 1997 என்றால் கொரியர்களுக்கு வெறும் ஆண்டு எண் கிடையாது. ஐஎம்எஃப் என்ற சர்வதேச நிதியத்தின் கடனை அடைக்க ஜனங்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்து இருநூறு டன்னுக்கும் மேல் தங்கம் சேர்த்த காலம் அது. கடைசியில் 2025 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவின் கியோங்ஜூ நகரத்தில் ட்ரம்பும் லீயும் சந்தித்தபோது ஒரு முடிவு வந்தது. 20,000 கோடி டாலர் பணமாக, ஆனால் எந்த ஆண்டிலும் 2,000 கோடிக்கு மேல் போகாது, மீதி 15,000 கோடி கப்பல் கட்டும் துறையில். அந்தச் சந்திப்பில் பழங்காலக் கொரியாவின் சில்லா ராஜ்ஜியத்துத் தங்கக் கிரீடத்தின் மாதிரி ஒன்றையும் லீ பரிசாகக் கொடுத்தார். மோதிரம் கழற்றிய நாடு கிரீடம் கொடுத்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வாங்கியது நல்ல வேலை, அதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வழி, பாதுகாப்புக்கு அமெரிக்கா, வியாபாரத்துக்குச் சீனா. இது பல வருடம் நன்றாகவே ஓடிய வண்டி. ஒரு கட்டத்தில் கொரிய ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்கு சீனாவுக்குத்தான் போனது. 2016 ஜூலையில் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுத்த சியோல் சம்மதித்தது, அதற்கு லோட்டே நிறுவனம் சியோங்ஜூவில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்தது. அவ்வளவுதான். சீனாவில் இருந்த லோட்டே கடைகளில் திடீர் திடீரென்று தீயணைப்பு விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன, ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, 2018ல் கடைகளை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள். 2016ல் சுமார் 80 லட்சம் சீனச் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு மறு ஆண்டு வந்தவர்கள் 42 லட்சத்துக்கும் குறைவு. சீனாவில் வருடத்துக்கு 11 லட்சம் வண்டிக்கு மேல் விற்ற ஹூண்டாய் ஒரே வருடத்தில் எட்டு லட்சத்துக்குக் கீழே விழுந்தது, இன்றுவரை எழவில்லை. பெய்ஜிங் இதற்கெல்லாம் பகிரங்கமாக ஒரு தடை உத்தரவு கூடப் போடவில்லை என்பதுதான் இதில் பாடம் படிக்க வேண்டிய இடம்.

திமிங்கிலங்கள் சண்டை போட்டால் இறாலின் முதுகு உடையும் என்று கொரியாவில் ஒரு பழமொழி உண்டு. தாட் விவகாரத்தில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. இன்னொரு பக்கம் அமெரிக்காவும் சும்மா இல்லை. சாம்சங்குக்குச் சீனாவின் சியான் நகரத்திலும் எஸ்கே ஹைனிக்ஸுக்கு வூஷியிலும் பெரிய மெமரி சிப் ஆலைகள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் சீனாவுக்கான சிப் கருவிகளுக்கு அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது, இவர்களுக்கு விலக்கு கொடுத்தது, 2025 ஆகஸ்டில் அந்த விலக்கை எடுக்கப்போவதாக அறிவித்தது. சொந்தப் பணத்தில் கட்டிய ஆலைக்கு இயந்திரம் கொண்டுபோக மூன்றாம் ஆளிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஏனென்றால் கார், பேட்டரி, கப்பல் என எல்லாவற்றிலும் சீனா இப்போது வாடிக்கையாளராக இருப்பதைவிடப் போட்டியாளராகத்தான் இருக்கிறது. 2023 டிசம்பரிலேயே அமெரிக்காவுக்கான மாத ஏற்றுமதி சீனாவுக்கானதைத் தாண்டியது, சுமார் இருபது வருடத்தில் முதல் தடவையாக.

மூன்றாவது, அணுகுண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் கொரியாவில் எடுக்கும் கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்குச் சொந்த அணுகுண்டு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. வட கொரியா 2006க்கும் 2017க்கும் நடுவில் ஆறு அணுச் சோதனை நடத்திவிட்டது, அமெரிக்க நகரங்களை எட்டும் ஏவுகணைகளையும் சோதித்துவிட்டது, 2024ல் ரஷ்யாவோடு ராணுவ ஒப்பந்தம் போட்டு ஆட்களையும் அனுப்பியது. சியோலைக் காப்பாற்ற சான் பிரான்சிஸ்கோவைப் பணயம் வைப்பார்களா என்பது நியாயமான கேள்வி. 1970களில் அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு படைப்பிரிவைத் திரும்ப எடுத்தபோது இதே பயத்தில்தான் அன்றைய கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ ரகசியமாகக் குண்டு வேலையைத் தொடங்கினார், அமெரிக்கா கழுத்தைப் பிடித்து நிறுத்தியது, 1975ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைத் தென்கொரியா உறுதிப்படுத்தியது.

ஆனால் விலையைப் பாருங்கள். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிற நாடு அது, எரிபொருளுக்கான செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் அந்த வரத்து நின்றுவிடும், உலை விற்கும் வியாபாரமும் படுத்துவிடும். நாம் பொக்ரானில் 1998ல் வெடித்துவிட்டுத் தடைகளைத் தாங்கிக்கொண்டோமே என்று கேட்கலாம். நாம் அன்றைக்கு உள்நாட்டுச் சந்தையை நம்பி ஓடிய பொருளாதாரம், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் கிடையாது. தென்கொரியாவோ ஏற்றுமதியை நிறுத்தினால் ஒரு மாதத்தில் மூச்சு முட்டும் நாடு. அதனால் குண்டு வேண்டாம் என்பது என் கட்சி. குண்டுக்கு ஒரு படி கீழே நிற்கிற தகுதி, அதாவது எரிபொருளைத் தானே செறிவூட்டவும் பயன்படுத்திய எரிபொருளை மறுபடி பதப்படுத்தவும் அனுமதி, அது வேறு விஷயம். ஜப்பானுக்கு அமெரிக்கா அதை 1988 ஒப்பந்தத்திலேயே கொடுத்துவிட்டது, கொரியாவுக்கு இன்னும் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்க வேண்டும். கியோங்ஜூ சந்திப்புக்குப் பிறகு நவம்பரில் வந்த கூட்டு அறிக்கையில் இந்தக் கதவைத் திறக்கும் நடைமுறையை ஆதரிப்பதாக அமெரிக்கா சொல்லியிருக்கிறது. பத்து கோடி வார்த்தை பேசி வாங்க முடியாததைக் கப்பல் வாங்கிக் கொடுத்தது என்பேன், அதற்கு இதோ வருகிறேன்.

நடுவில் நான்காவது வழியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எவரையும் நம்பாமல் சொந்தப் படையைப் பெருக்குவது. ஆயுதம் செய்யத் தெரியாத நாடா என்றால் இல்லவே இல்லை. 2022ல் போலந்து ஆர்டர் கொடுத்த கே2 டாங்குகளும் கே9 பீரங்கிகளும் அதே வருட டிசம்பரில் போய் இறங்க ஆரம்பித்துவிட்டன. குஜராத்தின் ஹஜிராவில் எல் அண்ட் டி கட்டி லடாக் வரைக்கும் போயிருக்கிற வஜ்ரா பீரங்கி கூட இந்த கே9 குடும்பம்தான். பிரச்சினை இரும்பில் இல்லை, ஆளில். 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற கணக்கில் பிறப்பு விகிதம் போய்விட்ட நாட்டில், படையின் அளவு நான்கரை லட்சத்துக்குச் சுருங்கிவிட்டது. எதிரில் 12 லட்சத்துக்கும் மேல். போர் வந்தால் கொரியப் படைக்கும் சேர்த்து உத்தரவு போடும் அதிகாரம் இன்னும் அமெரிக்கத் தளபதியிடம் இருக்கிறது, அமைதிக் கால அதிகாரம் மட்டும் 1994ல் திரும்பி வந்தது. மீதியை 2012ல் வாங்குவதாக இருந்து, 2015க்குத் தள்ளி, பிறகு தேதியையே எடுத்துவிட்டு நிபந்தனைகள் நிறைவேறட்டும் என்று வைத்துவிட்டார்கள். அதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்க உளவுக் கண்ணும் அணுக் குடையும் இல்லாமல் தனியாக நிற்பது இன்னும் ஒரு தலைமுறைக்கு நடக்காது.

எனக்குப் பிடித்த வழி ஐந்தாவது. வாடகையைக் கொடு, ஆனால் பணமாகக் கொடுக்காதே, அவரால் செய்ய முடியாத வேலையாகக் கொடு.

உலகத்தில் கட்டப்படும் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனா கட்டுகிறது, இரண்டாவது இடம் தென்கொரியா, அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதம் கூட இல்லை. போர்க்கப்பல் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. வருடத்துக்கு இரண்டு வர்ஜீனியா ரக நீர்மூழ்கிகள் வேண்டும் என்று திட்டம், வெளியே வருவது ஒன்றேகால் கூடக் கிடையாது. பழைய கப்பல்கள் பழுதுபார்ப்புக்குக் கூட யார்டில், அதாவது கப்பல் கட்டும் தளத்தில், இடமில்லாமல் காத்துக் கிடக்கின்றன. 2024ல் வாலி ஷிரா என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் கோஜே தீவில் இருக்கும் ஹன்வா ஓஷன் என்ற கொரியக் கம்பெனியின் கப்பல் தளத்துக்கு வந்து முழுப் பழுதுபார்ப்பு முடிந்து 2025 மார்ச்சில் திரும்பிப் போனது, கொரிய யார்டு ஒன்றில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அதே ஹன்வா 2024 டிசம்பரில் பிலடெல்பியாவில் இருந்த கப்பல் தளத்தை 10 கோடி டாலருக்கு வாங்கியது.

உல்சானில் இன்று உலகத்தின் மிகப்பெரிய தளங்களில் ஒன்று நிற்கும் இடம் 1971ல் மணல் கடற்கரை. அந்த மணலின் போட்டோவை வைத்துக்கொண்டு லண்டனில் கடனுக்கு அலைந்த ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங், பையிலிருந்து 500 வொன் நோட்டை எடுத்து அதில் இருந்த ஆமைக் கப்பல் படத்தைக் காட்டி, உங்களுக்கு முன்னாலேயே நாங்கள் இரும்புக் கப்பல் கட்டியவர்கள் என்றாராம். கொரியர்கள் இந்தக் கதையைச் சலிக்காமல் சொல்வார்கள். கொஞ்சம் மெருகேறிய கதையாகவும் இருக்கலாம், போகட்டும்.

மற்ற நான்கோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெரியும். உறவு முறிந்தால் யாருக்கு வலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும் வழியில் முறிந்தால் கொரியாவுக்கு மட்டும் வலி, கொடுத்தது போனதுதான். சீனா வழியில் இரண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி. அணுகுண்டில் முதல் நாளே வலி கொரியாவுக்கு, பலன் வர வருடங்கள் ஆகும். கப்பலில் மட்டும்தான் அமெரிக்கக் கடற்படைக்கும் வலிக்கும். அங்கே வேலை நின்றால் பசிபிக்கில் அவர்கள் கப்பல் எண்ணிக்கை குறையும், சீனா கூடிக்கொண்டே போகும். ஜூலை பேரத்தில் வரி 25லிருந்து 15க்கு இறங்கியதற்கு இந்தக் கப்பல் முதலீட்டுத் திட்டம் பெரிய காரணம் என்று கொரியத் தரப்பே சொல்கிறது.

ஓட்டை இல்லாத வழியும் இல்லை இது. வெளிநாட்டு யார்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலைக் கட்ட அமெரிக்கச் சட்டமே தடை போடுகிறது, 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு நடுவே ஓடும் கப்பல் அமெரிக்காவில்தான் கட்டப்பட வேண்டும் என்கிறது. அதனால் 15,000 கோடி டாலரும் அமெரிக்க மண்ணுக்குப் போய், கொரிய வெல்டர்களும் இன்ஜினியர்களும் அங்கே போய் ஆள் பழக்கி, பத்து வருடத்தில் கோஜேயும் உல்சானும் காற்று வாங்கும் நிலை வரலாம். தொழிலை முழுவதும் சொல்லிக் கொடுத்துவிட்ட ஆசாரிக்கு அப்புறம் என்ன மரியாதை? ஜார்ஜியாவில் சங்கிலி மாட்டப்பட்டவர்களும் ஆலையை நிறுவிக் கொடுக்கப் போனவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம், அவர்களுக்கு ஒழுங்கான விசா வகை ஒன்றை இத்தனை வருடத்தில் அமெரிக்கா உருவாக்கவில்லை. சீனாவும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 2025 அக்டோபரில் ஹன்வாவின் ஐந்து அமெரிக்கத் துணை நிறுவனங்கள் மீது தடை போட்டது, அடுத்த மாதம் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது. லோட்டேயின் ஞாபகம் வருகிறதா?

ஆகவே நான் சியோலில் உட்கார்ந்து முடிவெடுக்கிற ஆளாக இருந்தால், பேரத்தின் ஒரே ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குவேன். பழுதுபார்ப்பு அமெரிக்காவில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும், பெரிய கப்பலின் உடல் பகுதிகளையாவது உல்சானிலும் கோஜேயிலும் கட்டி அனுப்ப அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தில் வழி செய்யட்டும். அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. கியோங்ஜூவுக்கு மறுநாள் தென்கொரியா அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி வைத்துக்கொள்ள ட்ரம்ப் சம்மதம் சொன்னார், அதை பிலடெல்பியா தளத்தில் கட்டுவார்கள் என்றும் எழுதினார். அந்தத் தளத்தில் அணுசக்திக் கப்பல் கட்டும் வசதியே கிடையாது. சியோல் அதிகாரிகள் எங்கள் ஊரில்தான் கட்டுவோம் என்கிறார்கள். முதல் இரும்புத் தகடு கோஜேயில் வெட்டப்பட்டால் ஐந்தாவது வழி திறந்துவிட்டது. பிலடெல்பியாவில் என்றால், அது பெயர் மாற்றிய முதல் வழி.